லேசரின் அடி விழும் இடம் வேறு, உடையும் இடம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த லேசர் பற்றிய கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். உலோகம் வெட்டுவது முதல் கண் சிகிச்சை வரை லேசரின் பயன்களை எளிய தமிழில் விளக்கியிருந்த கட்டுரையாளர் பாராட்டுக்குரியவர். ஆனால் கட்டுரையின் நடுவே, லேசர் பொருளைத் தொடுவதே இல்லை என்பதால் ஒளி பட்ட புள்ளியைத் தவிர வேறெங்கும் பாதிப்பு ஏற்படாது என்ற கருத்தில் ஒரு வாக்கியம் வருகிறது. உலோகப் பாகங்களில் விரிசல் தேடுவதையே வேலையாகக் கொண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் சோதனைக்கூடத்தில் கழித்தவன் நான். அந்த ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. இதே வாக்கியத்தை லேசர் கருவி விற்பவர்கள் இப்போது சொல்லி வருகிறார்கள், பட்டறைக்காரர்களும் அதை அப்படியே நம்பி வாங்குகிறார்கள் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வீட்டுச் சுவரில் ஆணி அடித்திருப்பவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். இந்தப் பக்கம் ஆணி ஒழுங்காக இறங்கியிருக்கும். அடுத்த அறைக்குப் போய்ப் பார்த்தால் அங்கே சுவரின் பூச்சு கையகலத்துக்குப் பெயர்ந்து தரையில் கிடக்கும். சுத்தியல் அந்தப் பக்கம் போகவே இல்லை. சுவருக்குள் ஓடிய அதிர்வுதான் போனது. குறுகிய துடிப்புகளாக வரும் லேசர் ஒரு திடப்பொருளைத் தாக்கும்போது நடப்பதும் ஏறத்தாழ இதுவே. லேசர் என்றதும் நாம் சூட்டை மட்டுமே நினைக்கிறோம். அது அடிக்கவும் செய்யும் என்பதும், அந்த அடி அலையாகப் பயணம் செய்து ஒளி படாத இடத்தைப் போய் உடைக்கும் என்பதும் பொறியியல் படித்தவர்களில்கூடப் பலருக்குத் தெரிவதில்லை.

ஒரு ஜூல் என்பது மிகச் சிறிய ஆற்றல். நூறு கிராம் எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்கும் அளவுதான். அதே ஒரு ஜூலை 10 நானோ வினாடிக்குள், அதாவது ஒரு வினாடியின் பத்துக் கோடியில் ஒரு பங்குக்குள், கொட்டினால் அந்தக் கணத்தின் திறன் 10 கோடி வாட் ஆகிவிடுகிறது. இவ்வளவு குறுகிய நேரத்தில் வெப்பத்தால் நகர முடியாது. சாதாரண எஃகில் 10 நானோ வினாடியில் வெப்பம் ஒரு மைக்ரோமீட்டரின் பாதியளவுகூட உள்ளே போவதில்லை. ஆனால் எஃகுக்குள் வினாடிக்கு ஏறத்தாழ 5.9 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அழுத்த அலை அதே நேரத்தில் 60 மைக்ரோமீட்டர் தூரம் போய்விடுகிறது. 3 மில்லிமீட்டர் தகடாக இருந்தால் அலை அரை மைக்ரோ வினாடியில் பின்பக்கத்தைத் தொட்டுவிடும். வெப்பம் அங்கே போய்ச் சேர ஒரு வினாடி அளவாகும். ஆக, சூடு புறப்படுவதற்கு முன்பே அடி மறுபக்கம் போய்த் திரும்பிவிடுகிறது.

இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆய்வகத்தில் இதை நேரில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியப் பட்டை ஒன்றின் மீது மின்வேலைக்குப் பயன்படும் கறுப்பு டேப்பை ஒட்டி, அதன் மேல் குழாயிலிருந்து மெல்லிய படலமாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்படி வைத்திருந்தார்கள். நியோடிமியம் யாக் என்ற படிகத்தைக் கொண்டு இயங்கும் லேசரின் ஒரே ஒரு துடிப்பு. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. காதில் மட்டும் பட்டாசுக் கட்டிலிருந்து ஒற்றை வெடி வெடித்தது போல 'படார்' என்று கேட்டது. டேப்பை உரித்துப் பட்டையைக் கையில் கொடுத்தார்கள். வெதுவெதுப்புகூட இல்லை. முன்பக்கம் மிளகளவு இடத்தில் மழமழப்பான ஒரு பள்ளம். திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவியபோது, அதே இடத்துக்கு நேர் எதிரே ஒரு மேடு தட்டுப்பட்டது. எரிந்த கறையோ உருகிய தடமோ இல்லாமல், சிறு உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினாற்போல இருந்தது. அந்தப் பட்டையை வெகுநாள் என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் அதைக் கொடுத்து, இது எதனால் வந்த பள்ளம் என்று கேட்பேன். லேசர் என்று ஒருவரும் சொன்னதில்லை.

அங்கே நடந்தது இதுதான். டேப்பின் மேல்தோல் ஒளியை உறிஞ்சி நொடியில் ஆவியாகி, பல்லாயிரம் டிகிரி வெப்பமுள்ள பிளாஸ்மாவாக, அதாவது மின்னூட்டம் பெற்ற வாயுவாக, மாறுகிறது. அது விரிந்து வெளியே ஓடப் பார்க்கிறது. மேலே இருக்கும் தண்ணீர் வழி விடுவதில்லை. ஆகவே அது கீழே இருக்கும் உலோகத்தை உதைக்கிறது. இப்படி அடைத்துவைத்த பிளாஸ்மா தரும் அழுத்தம் சில கிகாபாஸ்கல் வரை போகும். ஒரு கிகாபாஸ்கல் என்பது நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. முதல் லேசரை அமெரிக்க இயற்பியலாளர் மெய்மன் 1960இல் இயக்கிக் காட்டினார். மூன்றே ஆண்டுகளில், 1963இல், மேற்பரப்பைத் திடீரென்று சூடாக்கினால் பொருளுக்குள் மீள்திறன் அலைகள் பிறக்கும் என்று அமெரிக்காவில் ரிச்சர்ட் வொய்ட் எழுதிவிட்டார். ஒளி ஊடுருவும் ஒரு மூடியை மேலே வைத்தால் அந்த அலை பல மடங்கு வலுப்பெறும் என்பதை 1970இல் ஆண்டர்ஹோம் என்ற ஆய்வாளர் காட்டினார். நான் பார்த்த தண்ணீர்ப் படலம் அந்த மூடியின் வேலையைத்தான் செய்தது.

இனி, மறுபக்கம் ஏன் உடைகிறது என்ற கேள்வி. பொருளுக்குள் போகும்போது அலை அமுக்கு அலையாகத்தான் போகிறது. கல், கண்ணாடி, கான்கிரீட் போன்றவை அமுக்கத்தைத் தாராளமாகத் தாங்கும். பின்பக்கத்துக்கு அப்பால் காற்று மட்டுமே இருப்பதால், அங்கே போய் மோதும் அமுக்கு அலை இழுப்பு அலையாக மாறித் திரும்புகிறது. திரும்பும் இழுப்பு, பின்னால் இன்னும் வந்துகொண்டிருக்கும் அமுக்கத்தை மிஞ்சும் ஓர் ஆழத்தில் பொருள் உள்ளிருந்தே பிய்க்கப்படுகிறது. நொறுங்கும் இயல்புள்ள பொருள்களுக்கு அமுக்கத்தைத் தாங்கும் வலுவில் ஒரு சிறு பங்குதான் இழுப்பைத் தாங்குவதில் உண்டு என்பதால், அங்கிருந்து ஒரு சில்லு பெயர்ந்து பறக்கிறது. லேசர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே ஆங்கிலேயப் பொறியாளர் பெர்ட்ராம் ஹாப்கின்சன் இதை வெடிமருந்து கொண்டு காட்டிவிட்டார். எஃகுத் தகட்டின் ஒரு முகத்தில் வெடிமருந்துப் பாளத்தை வைத்து வெடித்தபோது எதிர்முகத்திலிருந்து வட்டத் தகடாக ஒரு துண்டு பிய்ந்து வந்ததை 1914இல் அவர் விளக்கி எழுதினார். அதே செயலை லேசர் மைக்ரோமீட்டர் அளவில் செய்கிறது. இதைப் பயன்படுத்தியே, ஒரு பூச்சு அடிப்பொருளோடு எவ்வளவு பிடிப்பாக ஒட்டியிருக்கிறது என்று அளக்கும் முறையும் எழுபதுகளில் வந்தது. லேசரைப் பின்பக்கம் அடித்து, முன்பக்கப் பூச்சு எந்த அளவில் உரிகிறது என்று பார்ப்பார்கள். ஒளி பட்ட இடத்தில் மட்டுமே பாதிப்பு என்பது உண்மையானால், இப்படி ஒரு சோதனை முறையே இருந்திருக்க முடியாது.

உள்ளே போகும் அலையைவிட எனக்கு அதிகக் கவலை தருவது மேற்பரப்பிலேயே ஊர்ந்து போகும் அலை. நிலநடுக்கத்தின்போது தரை உருள்வது போல் தோன்றச் செய்யும் அதே ராலே அலைதான்; 1885இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு கணக்கிட்டுச் சொன்னது. ஏறக்குறைய ஓர் அலைநீள ஆழத்துக்குள்ளேயே இதன் ஆற்றலில் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. உள்ளே போகும் அலை எல்லாத் திசையிலும் பரந்து வலுவிழக்கும். இதுவோ பரப்பில் மட்டுமே பரவுவதால் நெடுந்தூரம் வரை வலுவைத் தக்கவைத்துக்கொள்ளும். விரிசல்கள் பெரும்பாலும் பிறப்பதும் மேற்பரப்பில்தானே. ஒரு கீறல், ஒரு வெல்டிங் ஓரம், ஓர் ஆணித் துளை என்று பலவீனமான இடங்களெல்லாம் இந்த அலை ஊர்ந்து போகும் பாதையிலேயே இருக்கின்றன.

இந்த அலை போதிய வலுவோடு கிளம்பினால் போகப்போக அதன் வடிவமே மாறும். கரையை நெருங்கும் கடலலையின் முகம் செங்குத்தாவதைப் போல, அதன் முகப்பும் செங்குத்தாகி அதிர்ச்சி அலையாகவே ஆகிவிடும். லொமனோசோவ், ஹெஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டுகிறது. சிலிக்கன் படிகத்தின் மேல் லேசர் துடிப்பால் மேற்பரப்பு அலையைக் கிளப்பி, அந்த அலையைக் கொண்டே படிகத்தில் விரிசல் விழச் செய்தார்கள். முன்கூட்டியே கீறல் எதுவும் போட்டுவைக்கவில்லை. கணினிச் சில்லு செய்யும் அதே சிலிக்கன். பழுதே இல்லாத படிகம். அதன் பரப்பில் ஊர்ந்து வந்த அலை ஒன்றே அதைப் பிளக்கப் போதுமானதாக இருந்தது.

இதைவிட வியப்பான சோதனை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கீத் நெல்சனின் குழு செய்து 2017இல் வெளியிட்டது. தெப்பக்குளத்தில் கல்லைப் போட்டால் வட்ட வட்டமாக அலை விரிந்து கரைக்குப் போகும். அதைப் பின்னோக்கி ஓடவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்: பெரிய வட்டம் சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு புள்ளியாகக் குவியும், அந்தப் புள்ளியில் தண்ணீர் எழும்பும். அவர்கள் செய்தது அதுதான். தங்கப் பூச்சுள்ள கண்ணாடியின் மேல் லேசரைப் புள்ளியாக விழவிடாமல் வளையமாக விழச் செய்தார்கள். வளையத்திலிருந்து உள்நோக்கிக் கிளம்பிய மேற்பரப்பு அலை நடுப்புள்ளியில் வந்து குவிந்தது. அங்கே தங்கப் பூச்சு பெயர்ந்தது. ஆற்றலைக் கூட்டியபோது அடியிலிருந்த கண்ணாடியும் சேதமானது. அந்த நடுப்புள்ளியில் லேசர் ஒளி விழவே இல்லை என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டுகிறேன். 'ஒளி பட்ட புள்ளியைத் தவிர' என்ற சொற்றொடருக்கு இதைவிட நேரான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் ஆய்வகத்து விந்தை, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். தமிழ்நாட்டில் கண்புரை அறுவை செய்துகொண்ட முதியவர்கள் பல குடும்பங்களில் இருக்கிறார்கள். அறுவை முடிந்து சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ, உள்ளே வைத்த செயற்கை லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு மங்கி, பார்வை மீண்டும் புகை மூட்டமாகும். என் தாயாருக்கும் அப்படி ஆனது. "லேசர் வைத்துச் சுத்தம் செய்துவிடலாம்" என்றார்கள். கருவியின் முன்னால் தாடையை வைத்து உட்கார்ந்தவர், "சுடுமாப்பா?" என்று கேட்டார். "சுடாதும்மா, டிக் டிக்னு சத்தம் கேக்கும், ஆடாம மட்டும் இருங்க" என்றார் அங்கிருந்த தம்பி. அந்த விடை எவ்வளவு சரியான அறிவியல் என்று அன்றைக்கு நினைத்து மகிழ்ந்தேன். எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து பழக்கத்தில் இருக்கும் இந்த யாக் லேசர் சிகிச்சையில், ஒவ்வொரு துடிப்பிலும் ஓரிரு மில்லிஜூல் ஆற்றல் நுண்ணிய புள்ளியில் குவிந்து பிளாஸ்மாவை உண்டாக்குகிறது. அதன் விரிவும் அதிர்ச்சி அலையும்தான் சவ்வைக் கிழிக்கின்றன. காதில் விழும் டிக் என்ற ஒலி அந்த அலையின் ஒலிதான். குவியம் சற்றே முன்னால் தள்ளிவிட்டால் அதே அடி செயற்கை லென்ஸின் மேல் விழுந்து அதில் குழிகளையும், கெட்டியான அக்ரிலிக் லென்ஸாக இருந்தால் நட்சத்திர வடிவ விரிசல்களையும் உண்டாக்கும். அதனால்தான் மருத்துவர்கள் குவியத்தை வேண்டுமென்றே சவ்வுக்குச் சற்றுப் பின்னால் வைத்து அடிக்கிறார்கள். பெரும்பாலான குழிகள் பார்வையைப் பாதிப்பதில்லை, யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனாலும், ஆடாமல் இருங்கள் என்று ஏன் சொல்கிறார்கள் என்பதை நோயாளி அறிந்திருந்தால் இன்னும் கவனமாக இருப்பார் அல்லவா?

இந்த அடி கெடுதல் மட்டுமே செய்வது என்று நான் சொல்ல வரவில்லை. அளந்து கொடுத்தால் அதுவே உலோகத்துக்கு மருந்தாகிறது. ஸ்பிரிங், பல்சக்கரம் போன்ற பாகங்களின் மேல் சிறு எஃகுக் குண்டுகளை வீசி அடிக்கும் ஷாட் பீனிங் முறை நம் பட்டறைகளுக்குப் பழக்கமானது. மேற்பரப்பு அமுக்கத்தில் உறைந்துவிடுவதால் விரிசல் எளிதில் வாய் திறக்காது. குண்டுக்குப் பதிலாக லேசரின் அதிர்ச்சி அலையைக் கொண்டு அடித்தால் அந்த அமுக்கம் ஒரு மில்லிமீட்டருக்கும் மேலான ஆழம் வரை இறங்குகிறது. குண்டடி இறங்குவதைவிடப் பல மடங்கு ஆழம். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள பட்டெல் ஆய்வுக்கூடத்தில் அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் வளர்ந்த இம்முறை, அமெரிக்க பி-1பி குண்டுவீச்சு விமானத்தின் எஃப்101 எஞ்சின் விசிறித் தகடுகளுக்கு 1997இல் உற்பத்தி நிலைக்கு வந்தது. எஞ்சினுக்குள் உறிஞ்சப்பட்ட சிறு பொருள்கள் பட்டுத் தகட்டின் விளிம்பில் ஏற்பட்ட வெட்டுகள் விரிசலாக ஓடிக்கொண்டிருந்த சிக்கலுக்கு அது தீர்வானது. ஜப்பானில் தோஷிபா நிறுவனம் அணு உலைக்குள் தண்ணீருக்கு அடியிலேயே வெல்டிங் பகுதிகளுக்கு இந்தச் சிகிச்சையை 1999 முதல் செய்து வந்திருக்கிறது. இங்கெல்லாம் எவ்வளவு அடி, எத்தனை முறை, தகட்டின் தடிமன் எவ்வளவு, திரும்பி வரும் அலை எங்கே சந்திக்கும் என்று கணக்குப் போட்ட பிறகே லேசரை இயக்குகிறார்கள். மெல்லிய தகடாக இருந்தால் இரு பக்கமும் ஒரே நேரத்தில் அடித்து அலைகளைச் சமன் செய்வதும் உண்டு. அடி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு தேவைப்படும். 'தொடாத கருவி' என்று நம்பிக்கொண்டிருப்பவர் எதற்காகப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கப் போகிறார்?

துருவையும் பழைய பெயின்ட்டையும் நீக்கும் லேசர் கருவிகள் இப்போது சிறு பட்டறைகளுக்குள்ளும் வந்துவிட்டன. அவற்றில் தொடர்ந்து எரியும் வகையும் உண்டு, துடிப்பு வகையும் உண்டு. முதல் வகை செய்வது பெரும்பாலும் சூட்டு வேலை. இரண்டாவதில் அடியும் சேர்ந்தே வரும். கனமான எஃகுச் சட்டத்தில் துரு நீக்கும் வேலைக்கு அந்தச் சிறு துடிப்புகளால் கவலைப்பட ஏதுமில்லை. கண்ணாடி, பீங்கான், மெல்லிய வார்ப்பு, பூச்சு ஒட்டிய பாகம், ஏற்கெனவே நுண்விரிசல் விழுந்திருக்கக்கூடிய பழைய பாகம் ஆகியவற்றைக் கையாளுவோர், விற்பனையாளரிடம் வாட் எவ்வளவு என்று மட்டும் கேட்காமல் துடிப்பின் நீளம் எவ்வளவு, ஒரு துடிப்பின் ஆற்றல் எவ்வளவு, எவ்வளவு அகலத்தில் குவிகிறது என்று மூன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வாட் கணக்கு இரண்டு கருவிகளுக்கும் ஒன்றாகவே இருக்கலாம். ஒன்று தடவிக்கொடுப்பது போலவும் மற்றொன்று சம்மட்டி போலவும் நடந்துகொள்ளும்.

கற்சிற்பங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணல் வீச்சு முறையில் சுத்தம் செய்கிறோம் என்று கோயில் சிற்பங்களின் முகங்களையும் கல்வெட்டு எழுத்துகளையும் தேய்த்துவிட்ட வேதனை நமக்கு உண்டு. அதற்கு மாற்றாக லேசர் நல்ல கருவிதான். வெனிஸ் நகரத்துச் சிற்பங்களில் படிந்த கருமையை லேசரால் நீக்க முடியும் என்று எழுபதுகளின் தொடக்கத்திலேயே அமெரிக்க இயற்பியலாளர் ஜான் அஸ்மஸ் காட்டினார். ஆனால் அதன் பிறகு ஐரோப்பியப் பாதுகாப்பு வல்லுநர்கள் கற்றுக்கொண்டதையும் நாம் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே அடுக்கு பெயர்ந்து பொரிந்திருக்கும் கல்லின் மேல் நானோ வினாடித் துடிப்பு விழுந்தால், கருமையோடு கல்லின் தோலும் சேர்ந்து பெயரக்கூடும். இத்தாலியின் பிளாரன்ஸ் நகர ஆய்வாளர்கள் மைக்ரோ வினாடிக் கணக்கில் நீளும் துடிப்புகளைத் தரும் லேசர்களைக் கல்லுக்கென்று உருவாக்கிக்கொண்டது இந்த அடியைக் குறைப்பதற்காகவும்தான். நம் ஊர்ச் சிற்பிகள் கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது உளியால் தட்டி ஓசை கேட்பார்கள். கணீரென்று ஒலிக்கும் கல்லை எடுத்து, மந்தமாக ஒலிப்பதை ஒதுக்குவார்கள். லேசரைக் கொண்டுபோகும் முன்பும் அந்தத் தட்டலைச் செய்ய வேண்டும். மந்தமாக ஒலிக்கும் இடத்தில் லேசரை வைக்கவே கூடாது. அதே வகைக் கல்லின் உடைந்த துண்டு ஒன்றில் முதலில் அடித்துப் பார்த்து, அடிபட்ட முகம், ஓரங்கள், பின்முகம் மூன்றையும் உருப்பெருக்கியின் கீழ் பார்த்த பிறகே சிற்பத்தின் பக்கம் போக வேண்டும்.

உலோகப் பாகங்களுக்கும் இதே முறைதான். லேசர் வேலை முடிந்ததும் வேலை நடந்த முகத்தை மட்டும் துடைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். பின்பக்கத்திலும், துளைகளின் ஓரத்திலும், வெல்டிங் விளிம்பிலும் சிவப்புச் சாயம் தடவும் பெனட்ரன்ட் சோதனையைச் செய்வதற்கு அதிக நேரம் ஆகாது. பொருளின் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறதா என்று அறிய அல்ட்ராசோனிக் சோதனை போதும். இரண்டுமே சிறு நகரங்களிலும் எளிதில் கிடைப்பவை.

ஆகவே, அந்தக் கட்டுரையின் அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் ஒரு சிறு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் குறைவென்றால் என் கடிதத்தின் மற்ற பகுதிகளை விட்டுவிடலாம். குறுகிய துடிப்பு லேசர் பொருளுக்குள்ளும் பரப்பிலும் அலைகளை எழுப்பும், அவை ஒளி படாத இடத்தையும் உடைக்கக்கூடும் என்ற அளவில் இரண்டு வரிகள் வந்தால் எனக்குப் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உலோகச் சோதனைக்கூடப் பணியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.